வலிக்காத கால்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து விட்டுவிட்ட வருசங்களை எண்ணிப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நோட்டை எடுப்பேன். மேலே "அம்பாள் துணை" என்று எழுதுவேன். அடுத்த வரி வராது. கூட வேலை பார்த்தவர்கள் படித்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு பயம். கோயிலுக்கு வருகிறவர்கள் படித்தால், அம்பாளைக் குறைத்துச் சொல்லிவிட்டாள் என்பார்களோ என்று இன்னொரு பயம். "எழுதுதேன் எழுதுதேன்னு நோட்டுதான் பழசாகுது" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

போன மாதம் பயிற்சிக்கு வந்த நர்சிங் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு பிள்ளை எழுந்து, வேலையில் நீங்கள் செய்த பெரிய தப்பு என்ன அம்மா என்று கேட்டாள். மாத்திரைப் பொட்டலத்தை ஆள் மாற்றிக் கொடுத்து, உடனே ஓடிப்போய்த் திருப்பி வாங்கிய ஒரு சின்னக் கதையைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். சாயங்காலம் வீட்டில் விளக்கேற்றும்போது தீக்குச்சி அணைந்து அணைந்து போனது. காற்று இல்லை. தீப்பெட்டியை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பத்தாவது முடித்து, ரெண்டு வருசம் பயிற்சி எடுத்து, கிராம நர்சாக வேலைக்குச் சேர்ந்தவள். திருவேங்கடம் பக்கம், இளையரசனேந்தல் பக்கம் என்று கரிசல் ஊர்களில் பிரசவமும் தடுப்பூசியுமாகக் காலம் ஓடியது. ஓய்வு பெறுவதற்கு முன்னால் கடைசி சில வருசம், சங்கரன்கோவிலை ஒட்டிய ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் போட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கென்று ஒதுக்கிய நாள்.

பிரசவம் பார்த்துப் பழகியவளுக்கு அந்த வேலை முதலில் பிடிபடவே இல்லை. பிரசவம் என்றால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்களா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். சர்க்கரை அப்படி இல்லை. அதே ஆள், அதே சீட்டு, அதே மாத்திரை, மாதா மாதம். முதல் மாதம் ஆளைப் பார்ப்போம். ஆறு மாதம் போனால் சீட்டைப் பார்ப்போம். ஒரு வருசம் போனால் வரிசை எவ்வளவு நீளம் என்றுதான் பார்ப்போம். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, உங்களுக்கும் இது வரும். வராது என்று நினைக்காதீர்கள்.

அந்தச் சமயத்தில் நர்சிங் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பேரை எங்களிடம் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்கு வேலை காட்டிக்கொடுப்பது என் பொறுப்பு. நான் என்ன காட்டினேன் தெரியுமா? வரிசையை எப்படிச் சீக்கிரம் நகர்த்துவது என்று காட்டினேன். எங்கள் பதிவேட்டில் பெயர், பிரஷர், சர்க்கரை, மாத்திரை என்று கட்டங்கள் உண்டு. அதில் 'பாதம்' என்றும் ஒரு கட்டம். நோயாளியின் ரெண்டு உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்து, விரல் இடுக்கைப் பார்த்து, தொட்டால் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு டிக் போட வேண்டும். நாங்கள் பார்க்காமலே டிக் போடுவோம். நடந்துதானே வருகிறார்கள், காலில் என்ன இருக்கப் போகிறது என்று நினைப்பு.

பேச்சியம்மாள் பனவடலிசத்திரம் பக்கத்து ஊர்க்காரி. எனக்கு ரெண்டு மூணு வயது இளையவள். காட்டு வேலைக்குப் போகிறவள், சத்தமாகப் பேசுகிறவள். அவள் வந்தால் வரிசையே கலகலப்பாகிவிடும். மாத்திரையை ஒருநாளும் விடமாட்டாள். அவள் ஒரே மகளுக்கு இருதயத்தில் ஆபரேசன் நடந்து, பிள்ளை பிழைத்து வந்திருந்தது. பிழைத்தால் மூணு வருசம் தொடர்ந்து, வருசத்துக்கு நூற்றியொரு ஆடிச்சுற்று சுற்றுகிறேன் என்று அம்பாளிடம் வேண்டியிருந்தாள்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்கரன்கோவிலில் கோமதி அம்பாள், சுவாமியை நினைத்து ஒற்றைக் காலில் நின்று தவசு இருந்தவள். ஆடித் தவசுக்குக் கொடி ஏறியதும் சனங்கள் வெறுங்காலோடு கோயிலைச் சுற்ற ஆரம்பிப்பார்கள். நூறு, ஐந்நூறு என்று அவரவர் வேண்டுதல்படி, சுவாமி அவளுக்குக் காட்சி கொடுக்கும் தவசு நாளுக்குள் முடிப்பார்கள். அப்படிச் சுற்றுகிறவர்களின் கால்வலியை அம்பாள் தன் காலில் வாங்கிக்கொள்கிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான். நானும் சின்ன வயதிலிருந்து சுற்றுகிறவள்தான்.

மூணாவது வருசம், தவசுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. அன்று சர்க்கரை பார்க்கும் நாள். பேச்சி நேரே கோயிலிலிருந்து வந்தாள். நெற்றி நிறையக் கோயிலில் பிரசாதமாகக் கொடுக்கும் புற்றுமண், தலையில் மல்லிகைப்பூ. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அறுபத்திமூணு முடிஞ்சிட்டு நர்சம்மா. கூடச் சுத்துதவ எல்லாம் கால நீட்டிக்கிட்டு உக்காந்திருதா. எனக்கு ஒரு பொட்டு வலி கெடையாது. பஞ்சுல நடக்க மாதிரி இருக்கு. ஆத்தா எல்லாத்தையும் வாங்கிக்கிட்டா."

எனக்கு உடம்பு புல்லரித்தது. போன வருசமும் அவள் இதையேதான் சொன்னாள். அதற்கு முந்தின வருசமும் இதேதான். நான் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீ கொடுத்து வச்சவ பேச்சி" என்றேன். வரிசையில் நின்ற பெண்களிடம், பக்தி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பிரசங்கம் வேறு செய்தேன்.

பஞ்சில் நடப்பது மாதிரி இருக்கிறது என்று ஒரு சர்க்கரை நோயாளி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பயிற்சி வகுப்பில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நரம்பு மரத்துப் போகிறது என்று அர்த்தம். ஆனால் கோயில் வாசனையோடு அந்த வார்த்தை வந்தபோது, எனக்கு அது வரமாகத்தான் கேட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பிள்ளை பெயர் இசக்கி. அதிகம் பேசமாட்டாள். "அம்மா, இவங்களுக்குக் கால் பாக்கணும்லா?" என்றாள்.

"ஏட்டி, வரிசை எங்கன நிக்குன்னு பாரு. நூறு சுத்து சுத்துதவளுக்குக் கால்ல என்ன வரும்? டிக் போட்டு அனுப்பு."

அவள் போடவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. நானே பேனாவை எடுத்து டிக் போட்டு, பேச்சியை மாத்திரை வாங்க அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால் இசக்கியின் நாற்காலி காலி. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நடந்ததை இசக்கி எனக்குப் பிறகுதான் சொன்னாள். பேச்சி மாத்திரை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது இவள் போய், காலைக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறாள். நர்சம்மாவே ஒன்றும் கேட்கவில்லை, உனக்கென்ன என்று பேச்சி மறுத்திருக்கிறாள். சின்னப் பிள்ளை தன் காலைத் தொடக்கூடாது, தனக்குப் பாவம் சேரும் என்றும் சொல்லியிருக்கிறாள். இசக்கி கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, சுத்துன கால ஒரு தடவ தொட்டுக் கும்பிட்டுக்கிடுதேன்" என்று மண்ணில் மண்டி போட்டுவிட்டாள். அதற்கு யார் மாட்டேன் என்பார்கள்? கும்பிட்டாள். கும்பிட்டபடியே காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டாள்.

பிறகு என் மேசைக்கு வந்து, வரிசைக்குக் கேட்காமல் என் காதோரம் குனிந்தாள். "அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க."

மரத்தடிக்குப் போனேன். பேச்சியின் பெருவிரலுக்குக் கீழே உள்ளங்காலில், புற்றுமண்ணைக் குழைத்து அப்பியிருந்தது. தோல் உரிந்தது மாதிரி இருந்ததாம், அதனால் பூசினாளாம். கழுவக் கழுவ உள்ளே குழியாகப் போனது. வாடை வந்தது. குழிக்குள் பச்சையாக ஏதோ மின்னியது. பார்த்தால் உடைந்த கண்ணாடி வளையல் துண்டு. எத்தனை நாளாக அதன் மேலேயே நடந்தாளோ தெரியாது. புறங்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது, உடம்பும் சுட்டது. அவளானால் மரத்தில் சாய்ந்துகொண்டு, "எதுக்குட்டி இந்தப் பாடு படுத்துதீங்க, பஸ்ஸு போயிரும்" என்கிறாள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். சின்ன வயது, கெட்டிக்காரி. இன்றைக்கே திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தள்ளிப்போட்டால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். பிறகு பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். மாதம் தவறாமல் பாதத்துக்கு டிக். அன்றைக்கும் டிக்.

"இன்னைக்கு யார் பார்த்தது?"

இசக்கி என் பக்கத்தில்தான் நின்றாள். அன்று எழுதும் வேலை அவளுடையது. பயிற்சிப் பிள்ளை தப்பாகப் போட்டுவிட்டது என்று நான் சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். அவள் கல்லூரிக்குக் கடிதம் போகும், பயிற்சி நின்றுபோகும். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நிமிசம் இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிசம்தான் இத்தனை வருசம் என்னை எழுத விடவில்லை. பார்க்காமல் டிக் போட்டதைக்கூடச் சொல்லிவிடலாம். ஒரு பிள்ளையின் தலையில் போட்டுவிடலாமா என்று நினைத்ததை எப்படிச் சொல்வது?

"டாக்டர், நான்தான். இன்னைக்கும் நான்தான், இதுக்கு முன்னாலயும் நான்தான். ஒரு நாளும் பாக்கல."

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. முதலில் ஆளை அனுப்புவோம் என்றார். ஆனால் பேச்சி போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். இன்னும் முப்பத்தெட்டு சுற்று பாக்கி, மூணாவது வருசம், நடுவில் விட்டால் எல்லாம் வீண், தவசு முடிந்து வருகிறேன் என்றாள். டாக்டரம்மா எடுத்துச் சொன்னார், பயமுறுத்தினார், கடைசியில் கோபப்பட்டார். கால் போய்விடும், புரிகிறதா என்றார்.

"போனாப் போகட்டும்" என்றாள் பேச்சி. "பிள்ளையத் திருப்பிக் கொடுத்தவளுக்குக் காலக் கொடுக்கதுக்கென்ன."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நீங்கள் பேசுங்கள் என்று கண்ணாலேயே சொன்னார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் மாட்டுவீர்கள். வேறு ஊரில், வேறு சாமி முன்னால் மாட்டுவீர்கள். அப்போது ரெண்டு வழி கண்ணுக்குத் தெரியும். ஒன்று, அவர்கள் நம்பிக்கையை மூடத்தனம் என்று உடைப்பது. இன்னொன்று, சாமி கனவில் வந்து சொன்னாள் என்று ஏதாவது பொய் சொல்லி நகர்த்துவது. முதலாவதைச் செய்ய எனக்கு மனசு இல்லை, ஏனென்றால் அது என் நம்பிக்கையும்தான். ரெண்டாவதைச் செய்யத் தைரியம் இல்லை. அம்பாள் பெயரில் பொய் சொல்லிவிட்டு எங்கே போய் நிற்பேன்?

நான் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். உன் காலைப் பார்க்காமலே நல்லா இருக்கு என்று ரெண்டு வருசமாக எழுதினேன், என்னை மன்னித்துக்கொள் என்றேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. பிறகு கண்ணை மூடச் சொன்னேன். பஞ்சைத் திரியாக உருட்டி அவள் கைவிரல் ஒவ்வொன்றாகத் தொட்டேன். சரியாகச் சொன்னாள். கால்விரல்களைத் தொட்டேன். அவள் பேசாமல் இருந்தாள். நகத்தால் அழுத்தினேன். அப்போதும் பேசவில்லை.

"தொடுங்க நர்சம்மா, எவ்வளவு நேரம் கண்ண மூடிக்கிட்டு இருக்க?"

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் பேச்சி."

கண்ணைத் திறந்தாள். என் விரல் அவள் பெருவிரலை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ ஆத்தா வாங்கிக்கிடலியா? இது சீக்குதானா?"

சிவந்த காலையும் வளையல் துண்டையும் பார்த்துக் கலங்காதவள், இதைக் கேட்கும்போது கண் கலங்கிவிட்டாள். மூணு வருசமாக அம்பாள் தன்னோடு கூடவே நடந்தாள் என்று இருந்தவள் அவள். அதை நான் பிடுங்கிவிட்டேன்.

"அவ என்ன வாங்கினா, என்ன வாங்கலேன்னு சொல்லுததுக்கு எனக்குப் படிப்பு பத்தாது" என்றேன். "எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். உன் காலுக்கு வலி தெரியல. நான் கண்ணிருந்தும் பாக்கல. இந்தப் பிள்ளை நான் திட்டியும் கேக்காம வந்து உன் கால்ல விழுந்துருக்கா. இவள அனுப்புனது யாருன்னு நீயே யோசிச்சுக்கோ. மிச்சம் முப்பத்தெட்டையும் உன் பேருல நான் சுத்துதேன். நீ வண்டியில ஏறு."

பேச்சி இசக்கியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் முழங்காலைப் பார்த்தாள்.

"உங்க முட்டி ரெண்டு சுத்துக்கே தாங்காது நர்சம்மா."

அவ்வளவு கலக்கத்துக்கு நடுவிலும் சிரித்துவிட்டோம். நாங்கள் பத்துப் பேர் இருக்கிறோம், ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிவிடுகிறோம் என்று பிள்ளைகள் முன்வந்தார்கள். அதெல்லாம் ஆகாது, பங்கு போட இதென்ன பொங்கலா, ஒரே ஆள்தான் முடிக்க வேண்டும் என்றுவிட்டாள். நர்சம்மாதான் ரெண்டு வருசமாகப் பார்க்கவில்லை, அவர்களே சுற்றட்டும் என்றாள். சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்து எழுந்து ஆம்புலன்சில் ஏறினாள். இசக்கி கூடப் போனாள்.

மூணு நாள் லீவு போட்டுச் சுற்றினேன். முதல் நாள் பதினைந்து. கல் சூடு, கூட்டம், என் உடம்பின் கனம். ரெண்டாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. குதிகால் கத்தியால் குத்தியது மாதிரி இருந்தது, முழங்கால் வீங்கியது. என் வலியை அம்பாள் வாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சன்னதிக்கு நேரே வரும்போது, வலிக்குது தாயே என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்த வார்த்தை மாறிப்போனது. எனக்கு வலிக்கிறது, பேச்சிக்கு வலிக்கவில்லை. இந்த வலி எவ்வளவு பெரிய காவல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு முள் குத்தினால் நின்று பார்க்கச் சொல்கிறதே, அதைக் கொடுத்ததும் அவள்தானே. முப்பத்தெட்டாவது சுற்றில் நான் நன்றி மட்டும்தான் சொன்னேன். தவசு நாளில் காட்சி காண நின்ற லட்சம் கண்ணில் அதிகம் அழுதது என் கண்ணாகத்தான் இருக்கும்.

அங்கே திருநெல்வேலியில் என்ன ஆகும் என்று தெரியாமல்தான் சுற்றினேன். வளையல் துண்டை எடுத்துப் புண்ணைத் திறந்து சுத்தம் செய்திருந்தார்கள். சர்க்கரைக்கு ஊசி போட்டார்கள். ஒரு விரலை எடுக்க வேண்டியிருக்கும், ரெண்டு நாள் பார்ப்போம் என்றார்களாம். தவசுக்கு மறுநாள் இசக்கி போன் செய்தாள். பேச்சியின் கையில் கொடுத்தாள்.

"அஞ்சு வெரலும் இருக்கு நர்சம்மா. எண்ணிப் பாத்துட்டேன். நீங்க முப்பத்தெட்டையும் எண்ணித்தான் சுத்துனீங்களா?"

எண்ணித்தான் சுற்றினேன் என்றேன். பொய் சொன்னால் தெரிந்துவிடும் என்றாள்.

புண் ஆற மாதக் கணக்கானது. ஆற ஆற, அவள் ஒவ்வொரு தடவை வரும்போதும் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் காலைத் தூக்கி என் மேசைமேல் வைத்துவிடுவாள். டாக்டரம்மா வந்தாலும் இறக்கமாட்டாள். அந்த வரிசையில் பார்க்காமல் டிக் போடும் வழக்கம் அன்றோடு போனது. வரிசை நீளமாகத்தான் நின்றது. நிற்கட்டும் என்று விட்டோம்.

மறு வருசம் ஆடியில் டாக்டரம்மா அனுமதி வாங்கிக் கொடுத்தார். கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பந்தல் போட்டு, நாலு நாற்காலி, தண்ணீர், பஞ்சு, மருந்து என்று வைத்துக்கொண்டு நர்சிங் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். சர்க்கரை உள்ளவர்கள் சுற்றுவதற்கு முன்னால் காலைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று நான் அறிவிப்பு எழுதி வைத்தேன். காலையில் ஒருத்தர்கூட வரவில்லை. சாமி கும்பிடப் போகிறவர்கள் ஆஸ்பத்திரிப் பந்தலுக்கு எதற்கு வருகிறார்கள். பிள்ளைகள் முகம் வாடிவிட்டது.

அப்போது பேச்சி வந்தாள். அடிப்பாகம் மெத்தென்று இருக்கும் ஆஸ்பத்திரிச் செருப்பு, நெற்றியில் புற்றுமண். ஒரு நாற்காலியை இழுத்துப் பாதையின் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி செருப்பைக் கழற்றி உள்ளங்காலைத் தூக்கிக் காட்டினாள். தழும்பு குழியாகத் தெரிந்தது.

"ஏ மதினி, சுகர் மாத்திர முழுங்குதீகளா? அப்போ இங்கன வாங்க. அண்ணாச்சி, உங்களத்தான். காலு வலிக்கலேன்னு பெருமப்படாதீக, எனக்கும் வலிக்கல. ஆத்தா கண்ண எதுக்குக் குடுத்தா? பாத்துட்டு உள்ள போங்க. அவ எங்கயும் போகமாட்டா."

ஒருத்தி தயங்கி வந்தாள். அவள் பின்னால் ரெண்டு பேர். மத்தியானத்துக்குள் பந்தலில் நிற்க இடமில்லை. அன்றைக்கு மூணு பேர் காலில் புண்ணைக் கண்டுபிடித்தோம். மூணு பேருக்கும் வலி தெரிந்திருக்கவில்லை. மூணு பேரும் கால் போகாமல் இன்றைக்கும் நடக்கிறார்கள். இசக்கி வேலையில் சேர்ந்துவிட்டாள், ஆனாலும் ஆடி வந்தால் லீவு போட்டு வந்துவிடுகிறாள். பேச்சி அவளைப் பந்தலில் கண்டால், வேலையைக் கெடுத்துக்கொண்டு எதற்கு வந்தாய் என்று திட்டிக்கொண்டே பக்கத்து நாற்காலியைத் துடைத்துப் போடுவாள்.

இதைப் படிக்கும் பிள்ளைகள் அடுத்து வரும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. சொல்லும்போது எனக்காக இரக்கப்பட்டு, நான் வாய் திறக்காமல் நின்ற அந்த ஒரு நிமிசத்தை விட்டுவிடாதீர்கள். படித்தவர்கள் கூட்டம் என்று அம்பாளையும் விட்டுவிடாதீர்கள். கோயில் ஆட்கள் கூட்டம் என்று அந்த வளையல் துண்டையும் விட்டுவிடாதீர்கள். நடந்தது நடந்தபடியே போகட்டும்.